மார்ஜரியின் இடது பக்கம்

பழைய நீராவி எஞ்சின்களைச் சரிசெய்து பொழுதுபோக்காக ஓட்டும் ஸ்கெல்பெக் ரயில்பாதைச் சங்கத்து ஆண்களில் பாதிப் பேருக்குத் தங்கள் மனைவியின் கண் என்ன நிறம் என்று தெரியாது என்பது பெரில் ஹெப்டனின் உறுதியான கருத்து. அதே ஆட்களிடம், நூறு வருஷத்துக்கு முன்னால் எந்தக் கம்பெனி தன் எஞ்சினுக்கு என்ன பச்சை அடித்தது என்று கேட்டால் போதும். கையிலிருக்கும் டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல் பேசுவார்கள். எல்லோரும் ஓய்வு பெற்ற பல் டாக்டர்கள், கணக்கர்கள், அளவையாளர்கள். சனிக்கிழமை காலையில் இஸ்திரி போட்ட நீல வேலை அங்கியை மாட்டிக்கொண்டு கொட்டகைக்கு வருவார்கள். முகத்தில் கொஞ்சம் கரி ஒட்டாமல் வீடு திரும்ப மாட்டார்கள்.

"தானா ஒட்டலைன்னா தொட்டுத் தடவிக்கிட்டாவது போவானுங்க" என்பாள் பெரில்.

அவளுக்குக் கரி, பெயிண்ட், டர்பன்டைன் எல்லாம் விளையாட்டுச் சாமான்கள் இல்லை. பதினைந்து வயதில் பள்ளிப் பையை மூலையில் போட்டுவிட்டு, நகராட்சி பஸ் பணிமனையில் பெயிண்ட் கொட்டகையைப் பெருக்கப் போனவள். பெருக்குகிற நேரம் போக மிச்ச நேரத்தில் பழைய தகரத்தில் கோடு இழுத்துப் பழகினாள். மற்றவர்கள் ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டு கோடு போட்ட இடத்தில், அவள் வெறும் கையால் பஸ்ஸின் முழு நீளத்துக்கும் இழுத்தாள். அதற்குப் பிறகு யாரும் அவளைப் பெருக்கச் சொல்லவில்லை. கல்யாணம் ஒன்று நடந்தது, நிலைக்கவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "அவன் ஒரு கதவுக்குப் பெயிண்ட் அடிச்சதைப் பார்த்தேன். அப்பவே முடிவு பண்ணிட்டேன்" என்று சொல்லிவிடுவாள்.

பணிமனையில் அவள் அடித்ததெல்லாம் ஒரே நிறம். வெந்து ஆறிப்போன பட்டாணியின் பச்சை. வாழ்க்கை முழுக்க அந்தப் பச்சை. ஓய்வு பெற்ற அன்று மேலாளர் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார். அதன் சட்டத்துக்கும் யாரோ அதே பச்சையை அடித்து வைத்திருந்தார்கள், அதுவும் சொட்டுவிட்டு. பெரில் அதைப் பேருந்திலேயே மறந்து வைத்துவிட்டு வந்தாள். என்ன நிறம் அடிக்கலாம் என்று அவளை ஒருவரும் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஸ்கெல்பெக்குக்கு அவளைக் கூட்டிவந்தவன் தம்பி ரோலண்ட். அவன் பரீட்சை எழுதி நல்ல பள்ளிக்குப் போனவன், கவுன்சிலில் வரைபடம் போட்டவன், இப்போது சங்கத்தின் வண்ண ஆராய்ச்சிப் பொறுப்பாளர். அப்படி ஒரு பதவி உலகத்தில் இருக்கிறது என்பதே பெரிலுக்குப் பல நாள் சிரிப்பை அடக்க முடியாத விஷயமாக இருந்தது. ஆனால் ஆராய்ச்சி செய்யத் தெரிந்த கூட்டத்தில் ஒருவருக்கும் பிரஷ் பிடிக்கத் தெரியவில்லை. எனவே அவள் வந்தாள். வந்த முதல் வாரமே, அவர்கள் பட்டி பார்த்து வைத்திருந்த ஒரு ரயில்பெட்டியை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டாள்.

"என்ன பெரில், அது நல்லாத்தானே இருந்துச்சு?" என்று தலைவர் விம்புஷ் மெதுவாகக் கேட்டார். அவர்தான் பல் டாக்டர்.

"நீங்க இப்படித்தான் பல்லு அடைச்சீங்களா? அந்த ஜனங்க எல்லாம் இப்ப எதை வச்சுச் சாப்பிடுறாங்க?"

அன்றிலிருந்து பெயிண்ட் கொட்டகைப் பக்கம் யாரும் அனுமதி கேட்காமல் வருவதில்லை.

பிறகு மார்ஜரியின் முறை வந்தது. மார்ஜரி நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் வண்டிகளை இழுத்துக்கொண்டிருந்த குட்டை எஞ்சின். முதுகில் தண்ணீர்த் தொட்டியைச் சேணம்போலப் போட்டுக்கொண்டு, தடித்த பூனை மாதிரி இருக்கும். சுரங்கம் மூடியபின் துருப்பிடித்துக் கிடந்ததைச் சங்கம் தூக்கிவந்து, பல வருஷம் தட்டிக்கொட்டி ஓடவைத்தது. அதன் பழைய நிறம் எது என்று யாருக்கும் தெரியாது. எந்தப் பெயிண்டும் மிஞ்சவில்லை. இருந்ததெல்லாம் ஒரு புகைப்படம், எஞ்சினின் வலது பக்கம் தெரிகிற மாதிரி எடுத்தது. அதை ரோலண்ட் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு வைத்திருந்தான்.

குளிர்காலத்தில், ஸ்டேஷன் காத்திருப்பு அறையில் கூட்டம் போட்டார்கள். எல்லோருக்கும் டீ. ரோலண்ட் எழுந்து, ஆதாரப்படி மார்ஜரி கறுப்புத்தான், கோடு கிடையாது, அலங்காரம் கிடையாது என்றான்.

"அது கறுப்பு வெள்ளைப் போட்டோடா" என்றாள் பெரில். "அதுல அம்மாவோட சிவப்புக் கோட்டும் கறுப்பாத்தான் விழும். பக்கத்துல நிக்கிறவன் மூஞ்சி சாம்பல் நிறத்துல இருக்கே, அவன் அப்படியேதான் பொறந்தானா?"

"நிழலோட அடர்த்தியை அளந்து கணக்குப் போட்டிருக்கேன், பெரில். நாலு பேர் படிச்சுப் பார்த்து ஒத்துக்கிட்டாங்க."

"அந்த நாலு பேரையும் எனக்குத் தெரியும். நீ எழுதுனதை அவனுங்க ஒத்துப்பானுங்க, அவனுங்க எழுதுனதை நீ ஒத்துப்பே. குளிருக்கு ஒருத்தர் முதுகை ஒருத்தர் தேய்ச்சுக்கிற மாதிரி."

விம்புஷ் கையைத் தூக்கினார். "சரி, சரி. உங்க யோசனை என்ன பெரில்?"

பெரில் டீயை ஒரு மிடறு குடித்தாள்.

"அரக்குச் சிவப்பு" என்றாள். "ஓரத்துல மஞ்சள் கோடு."

"எந்த ஆதாரத்துல?" என்று பாய்ந்தான் ரோலண்ட்.

"எனக்குப் பிடிச்சிருக்கு."

இதைவிட அசிங்கமான வார்த்தையை அந்த அறை கேட்டதில்லை. ஒருவர் இருமினார். இன்னொருவர், சுரங்க எஞ்சினுக்கு அரக்குச் சிவப்பு அடிப்பது சவப்பெட்டிக்கு லேஸ் கட்டுவதற்குச் சமம் என்றார். ஆனால் பின்வரிசையில் டிக்கெட் விற்கிறவர்களும் டீக்கடை நடத்துகிற பெண்களும் கைதட்டினார்கள். கறுப்பு எஞ்சினைப் பார்க்கக் குழந்தைகள் வருவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

"நாளைக்கு எவனாவது அந்தச் சிவப்பைப் பார்த்துட்டு, அதுதான் உண்மைன்னு நம்பிடுவான்!" ரோலண்டின் குரல் உடைந்தது.

"நம்பட்டுமே. நீ கறுப்பை நம்பலையா?"

வாக்கெடுப்பு சமமாக நின்றது. விம்புஷ் வாழ்நாள் முழுக்க வலிக்காமல் வேலையை முடிக்கப் பார்த்தவர். அவர் சொன்னார்: "ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் சிவப்பு. ஒரு பக்கத்தைப் பாக்குறவனுக்கு மறுபக்கம் தெரியாதில்ல? படம் எடுக்கிறவங்களும் ரெண்டு தடவை வருவாங்க."

வெளியாட்கள் சிரிப்பார்கள். அந்த அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. இது மிக நியாயமான தீர்ப்பு என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

"அப்போ நீயே பக்கத்தை எடுத்துக்கோ, ரோலி" என்றாள் பெரில். வீட்டில் கேக்கை மூத்தவள் வெட்டினால் இளையவன்தான் முதலில் எடுப்பான். அந்தப் பழக்கம் இருவருக்கும் விட்டுப்போகவில்லை.

அவன் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். அவனிடம் இருந்தது வலது பக்கத்தின் படம். இடது பக்கத்துக்கு அவனால் சத்தியம் பண்ண முடியாது. எனவே வலது பக்கத்தைத்தான் கேட்பான், அதை யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும். ஸ்கெல்பெக் பாதை மலைச்சரிவை ஒட்டிப் போகிறது. பிளாட்பாரங்கள் எல்லாம் மலைப் பக்கம், அதாவது எஞ்சினின் இடது பக்கம். வலது பக்கம் மாடு மேய்கிற வயல். எஞ்சினைத் திருப்பும் வட்டமேடை அங்கே கிடையாது. மார்ஜரி புகைபோக்கியை மேல் ஸ்டேஷன் பார்த்து வைத்துக்கொண்டு போகும், திரும்பும்போது அப்படியே பின்னோக்கி வரும். ஆயுசுக்கும் அதன் இடது பக்கத்தை ஜனங்கள் பார்ப்பார்கள், வலது பக்கத்தை மாடுகள் பார்க்கும்.

"வலது பக்கம்" என்றான் ரோலண்ட், நெஞ்சை நிமிர்த்தி. "ஆதாரம் இருக்கிற பக்கம்."

"எடுத்துக்கோடா" என்றாள் பெரில். அந்த இரவு அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

வேலை வசந்தத்தின் தொடக்கம் வரை இழுத்தது. சிவப்புப் பக்கத்தை அவள் எப்படிச் செய்தாள் என்று சொல்லத் தேவையில்லை. கறுப்புப் பக்கம்தான் விஷயம். மாடு பார்க்கப் போகிற பக்கம்தானே என்று ஓரிரு பூச்சோடு விட்டுவிட யாருக்கும் தோன்றும். அவளுக்கும் தோன்றியது. ஒரு நாள் அப்படி விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலை வந்து அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. எல்லாவற்றையும் தேய்த்தெடுத்துவிட்டு முதலிலிருந்து பட்டி பார்த்தாள். கறுப்பு எதையும் மன்னிக்காது. ஒரு தூசி இருந்தாலும் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் நனைத்த உப்புத்தாளால் தேய்த்து, கைவிரலால் தடவிப் பார்த்து, மறுபடி தேய்த்தாள். ரோலண்ட் வாசலில் நின்று, "கறுப்பு இவ்வளவு பளபளன்னு இருந்திருக்காதே பெரில், சுரங்கத்து எஞ்சின்" என்றான்.

"வேணும்னா ரெண்டு கூடை கரியை அள்ளி நீயே பூசிக்கோ. என் கையால அழுக்கா வராது."

அந்த வருஷ ஓட்டம் ஈஸ்டர் சனிக்கிழமை தொடங்க வேண்டும். அதற்கு முன்னால் எல்லைக்கு வடக்கே ஸ்காட்லாந்தில் இருந்த வேறொரு ரயில்பாதை, தங்கள் விழாவுக்கு மார்ஜரியைச் சில நாள் இரவல் கேட்டது. டிரெயிலர் லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். வியாழக்கிழமை மத்தியானம் திரும்பிவந்தது. கொட்டகைப் பக்கம் தண்டவாளம் முடிகிற இடத்துக்கு, டூகல் என்ற ஸ்காட்லாந்துக்கார ஓட்டுநர் வண்டியைப் பின்னுக்கு வாங்கி நிறுத்தினார். பெரில் பார்த்தாள். புகைபோக்கி தப்பான பக்கம் இருந்தது.

"என்னய்யா இது? தலைகீழா ஏத்திட்டு வந்திருக்கீங்க!"

"அங்க ஏத்துற இடம் மறுபக்கம் இருக்கும்மா" என்றார் டூகல், ரொட்டியை மென்றுகொண்டே. "ஏத்துனாங்க, கட்டினேன், வந்தேன். எஞ்சினு எந்தப் பக்கம் பாக்கணும்னு இதுவரைக்கும் யாரும் என்கிட்ட சொன்னதில்ல. ரெண்டு பக்கமும் ஓடுமில்ல?"

இப்படியே இறக்கினால் கறுப்பு பிளாட்பாரத்தைப் பார்க்கும், சிவப்பு மாட்டைப் பார்க்கும். ரோலண்ட் அங்கேதான் நின்றிருந்தான். அவனுக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் அவன் முகம், பிறந்தநாளில் சைக்கிள் கிடைத்த பையன் முகமாக மாறியது. அதைத் துடைத்து வைத்துக்கொள்ளவும் அவனுக்குத் தெரியவில்லை.

"திருப்ப வழி இருக்கா?" என்று கேட்டாள் பெரில்.

"இருக்கு. கல்குவாரியோட பக்கத் தண்டவாளம் வரைக்கும் போகணும். அங்க இறக்கி, மறுமுனையிலிருந்து ஏத்தி, நாளைக்குச் சாயங்காலம் கொண்டாந்து விடலாம். எனக்கு ஆட்சேபணை இல்லம்மா, நீங்க சொன்னாச் சரி."

நாளை சாயங்காலம் என்றால் சனிக்கிழமை ஓட்டம் கிடையாது. கொதிகலனை அவசரப்பட்டுச் சூடாக்க முடியாது. சிறு தீ போட்டு, ஒரு முழு நாள் மெதுவாக வெதுவெதுப்பாக்கி, அப்புறம்தான் நீராவி. சங்கத்தின் இன்னொரு எஞ்சினுக்குக் கொதிகலன் அனுமதி காலாவதியாகிவிட்டது. மார்ஜரி இல்லையென்றால் ஈஸ்டர் வண்டியை டீசல் இழுக்கும். அதாவது ஊரிலிருந்து குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள், தகர டப்பா மாதிரி ஒரு டீசல் உறுமிக்கொண்டு இழுப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள்.

தொலைபேசியில் விம்புஷ், "இந்தக் குழப்பத்தை உண்டாக்குனது நீங்க ரெண்டு பேரும். நீங்களே முடிவு பண்ணுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ரோலண்ட் பெருந்தன்மையாகக் கையை விரித்தான். "நீதான் பெயிண்ட் அடிச்சே. நீயே சொல்லு பெரில்." அவள் கெஞ்சுவாள், கத்துவாள், அதை ரசிக்கலாம் என்று காத்திருந்தான்.

பெரில் டிரெயிலரைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். சிவப்புப் பக்கத்தில் நின்றாள். பிறகு திரும்பிவந்து, "இறக்குங்க" என்றாள்.

"நிசமாவா?" என்றான் ரோலண்ட்.

"ஒரு எஞ்சின் ஓடாம நிக்கிறதைவிட உன் இளிப்பைப் பார்த்துக்கிட்டு இருக்கலாம்டா. இறக்குங்க, டூகல்."

சனிக்கிழமை வெயில் அடித்தது, அது அந்த ஊரில் அபூர்வம். பித்தளை வாத்தியக் கோஷ்டி வந்திருந்தது. பிளாட்பாரம் நிறையக் கூட்டம். மார்ஜரி கறுப்பாக வந்து நின்றது. அந்தக் கறுப்பில் வானம் தெரிந்தது. ஒரு பெண் அதைப் பார்த்துத் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள், ஒரு குழந்தை நாக்கைத் துருத்தி அழகு பார்த்தது. விம்புஷ் பேசினார். "இந்தக் கம்பீரமான கறுப்புக்குப் பின்னால் நம்ம ரோலண்டின் பல வருஷ ஆராய்ச்சி இருக்கிறது" என்றார். கைதட்டல். ரோலண்ட் தொப்பியை எடுத்துத் தலை குனிந்தான். அடித்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெரில் டீக்கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வாத்தியக் கோஷ்டிக்குப் பக்கத்தில் ஒரு சமையல் கெட்டிலை வைத்தாலும் இந்த ஜனங்கள் கைதட்டுவார்கள் என்று நினைத்தாள்.

வண்டி புறப்படும் முன்னால் ஒன்றைக் கவனித்தாள். பெரிய பெரிய காமிராக்களோடு வருகிற ஆட்களை, எப்போதும் பிளாட்பாரத்தின் நுனியில் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டு நிற்கிற ஆட்களைக் காணோம். மறுபக்க வயலில் யாரோ விவசாயி கத்துகிற சத்தம் கேட்டது. அவள் பாதையைக் கடந்து, வேலிப் படியேறி அந்தப் பக்கம் இறங்கினாள்.

எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். முக்காலிகளைச் சாணத்தில் ஊன்றி, வரிசையாக, கணுக்கால் வரை சேற்றில். முந்தின கூட்டத்தில் சவப்பெட்டி, லேஸ் என்று பேசியவர் முதல் இடத்தைப் பிடித்திருந்தார். பின்னால் ஒரு பசு அவர் பையை முகர்ந்துகொண்டிருந்தது.

"இப்படி ஒரு சிவப்பு எந்தக் காலத்துலயும் இருந்ததில்ல" என்றார் ஒருவர். கிளிக்.

"வெட்கக்கேடு" என்றார் இன்னொருவர். கிளிக், கிளிக். "யோவ், கொஞ்சம் குனி, உன் தொப்பி படத்துல விழுது."

"புகை வரட்டும், புகை வந்தாத்தான் சிவப்பு எடுப்பாத் தெரியும்."

"எடுப்பா என்ன எடுப்பா, பொய்யி."

"பொய்யிதான். நகருய்யா."

பெரில் அவர்களைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். இத்தனை பேரும் தன் வேலையைப் பார்க்கத்தான் சாணத்தில் நிற்கிறார்கள் என்பதில் அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்கலாம். வந்தது வேறு. இவர்கள் நிறத்தைத் திட்டினார்கள், நிறத்தைப் படம் எடுத்தார்கள். கோட்டை யாரும் பார்க்கவில்லை. தொட்டியின் பின் மூலையில் மஞ்சள் கோடு வளைகிற இடத்தில், அவள் கை ஒரு கணம் தயங்கி, கோடு ஒரு மயிரிழை தடித்துவிட்டது. வார்னிஷ் போட்டபின்தான் அவளுக்கே தெரிந்தது. அன்றிலிருந்து அந்த மூலையைப் பார்க்காமல் அவளால் அந்தப் பக்கம் போக முடிந்ததில்லை. இத்தனை கண்ணாடி, இத்தனை லென்ஸ். ஒருவனாவது சொல்வானா என்று காத்திருந்தாள். வண்டி ஊதியது. எவனும் சொல்லவில்லை.

அவளுக்குப் பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். ரோலண்ட். நல்ல கால்சட்டையைக் காலுறைக்குள் திணித்துக்கொண்டு, கழுத்தில் காமிராவோடு.

"நீ எதுக்கு வந்தே?" என்றாள்.

"சும்மா, பதிவுக்கு."

"உன் கறுப்பை யாரு பாத்துப்பா?"

மார்ஜரி அவர்களைக் கடந்து மெதுவாக நகர்ந்தது, வெயில் முழுவதும் சிவப்பின் மேல். காமிராக்கள் பொரிந்து தள்ளின. ரோலண்ட் காமிராவைக் கண்ணுக்குத் தூக்கவே இல்லை. வண்டி வளைவில் மறைகிற வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு, தன் பழைய பள்ளிக்கூடப் பையன் குரலில், மெதுவாகச் சொன்னான்: "தொட்டியோட பின் மூலையில, கீழே வளையுற இடத்துல, கோடு கொஞ்சம் தடிச்சிருக்கு பெரில்."

பெரில் அவன் பக்கம் திரும்பவில்லை. "உன் கண்ணாடியில அழுக்கு" என்றாள்.

"இல்ல, தடிச்சுத்தான் இருக்கு."

"எவ்வளவு?"

அவன் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் கிட்டத்தட்ட ஒட்டவைத்துக் காட்டினான். மிகச் சரியாகக் காட்டினான்.

"சரி" என்றாள் பெரில். "செவ்வாய்க்கிழமை காலையில ஓட்டம் கிடையாது. சீக்கிரமா வா. விளக்கைப் பிடிக்க ஆள் வேணும். அந்த அங்கியை இஸ்திரி போட்டுக்கிட்டு வராதே."